ராசியான கை

டாக்டர் வீட்டம்மா காலுறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்னி முடித்த சூடுகூட ஆறாத காலுறை. கம்பளி நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வர, பக்கத்திலிருந்த பெண் அதைப் பந்தாகச் சுற்றினாள். பின்னியவள் எதிரிலேயே நின்றாள். கடல் கடந்து போருக்குப் போன அவள் கணவன் செத்த சேதி போன மாதம்தான் வந்தது. தம்பி இன்னும் அங்கேதான், பனியில் கிடக்கிறான். அவனுக்காகப் பின்னியது அது.

மருந்துக்கடை மாடியில் கூடும் அந்த மாதர் சங்கத்துக்குத் தாராள மனசு. முகம் தெரியாத சிப்பாய்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்புகிறவர்கள். தாலி இழந்தவள் கை பட்டால் மட்டும் அந்த மனசு சுருங்கிக்கொள்ளும்.

"தப்பா எடுத்துக்காதேம்மா," என்றார் டாக்டர் வீட்டம்மா. "உசிரோட இருக்கற ஆம்பளைங்களுக்குப் போற சாமான். இதே நூல்ல நானே பின்னிடறேன். உன் தம்பி நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"அவனுக்கு நான் ஒருத்திதாங்க இருக்கேன். என் கையால ஒண்ணு போகணும்."

"கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல?"

மற்றவர்கள் தங்கள் பின்னல் ஊசியிலேயே கண்ணாக இருந்தார்கள். பின்னியவளுக்கு ஓரகத்தியான, அவள் கணவனின் அண்ணன் மனைவிகூடத் தலை நிமிரவில்லை. அந்த ஓரகத்தியின் புருஷனும் போர்முனையில்தான் இருந்தான். அவளுக்கு அவள் பயம்.

"இருக்குங்க," என்றாள் பின்னியவள். "எங்க வீட்டுக்காரர் கப்பல் ஏறினப்போ நீங்களே வந்து ஒரு ஜோடி சாக்ஸ் குடுத்தீங்க. ராசியான கை, பத்திரமா வந்துடுவேன்னு சிரிச்சுக்கிட்டே மாட்டிக்கிட்டார். சாகும்போதும் அதைத்தான் போட்டிருந்தாராம்."

உருவிய கை நின்றது. டாக்டர் வீட்டம்மாவின் முகம் வெளிறிப்போனது. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

ஓரகத்தி தன் புருஷனுக்குக் கட்டிய பொட்டலத்தை அவசர அவசரமாகப் பிரித்தாள். டாக்டர் வீட்டம்மா பின்னித் தந்திருந்த காலுறையை எடுத்து மேசையில் வீசினாள்.

"அவருக்கு நீயே ஒண்ணு பின்னிக் குடுடி," என்றாள்.

ராசி கைமாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பாருங்கள்.

தாலி இழந்தவள் அந்தக் காலுறையை மடித்து, பொட்டலத்துக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"இதுவும் போகட்டும்க்கா. மாமாவுக்கு அங்க குளிரும்."

பிறகு டாக்டர் வீட்டம்மாவின் மடியிலிருந்து பாதி பிரிந்த காலுறையை எடுத்துக்கொண்டாள். அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.