டோக்கன் அக்காவின் தலைக்குளியல்

பல் பிடுங்கும் நாற்காலியில் மல்லாந்து படுத்து, இரண்டே லிட்டர் தண்ணீரில், பல்லிடுக்கைக் கழுவும் குழாயால் தலைக்குக் குளித்து எழுந்த பெண் இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் டோக்கன் அக்கா. நம்ப முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பெரிய டாக்டரே நம்பவில்லை.

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. பல் க்ளினிக்கில் எல்லோருக்கும் தெரிந்த வயது நாற்பத்தைந்து. நடுவில் இருக்கும் பதினோரு வருடத்தை அவள் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தாள். பதினோரு நாளுக்கு ஒரு முறை தலைக்குச் சாயம். பன்னிரண்டாம் நாள் விடிந்தால் வகிடு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிடும். க்ளினிக்கில் சேர்ந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் தலையில் ஏறிய சாயத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கப்பலுக்கே பூசியிருக்கலாம். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே பேசிப் பேசி, குரல் ஒரு கட்டை ஏறி அப்படியே நின்றுவிட்டது. தொலைபேசியில் கேட்டவர்கள் யாரோ கல்லூரிப் பெண் என்று நினைத்தார்கள்.

இத்தனையும் அழகுக்காக என்று நினைத்தால் தப்பு. பயத்துக்காக.

அக்கா டோக்கன் கொடுக்கும் முன்மேசையில் அவளுக்கு முன்னால் ஒரு அம்மாள் இருந்தாள். நல்ல குரல், நல்ல கையெழுத்து, எந்த நோயாளிக்கு எந்தப் பல் என்று மனப்பாடமாகச் சொல்வாள். அந்த அம்மாளுக்கு நெற்றிக்கு மேலே நரை விழுந்தது. வருகிறவர்களுக்கு க்ளினிக்கே பழசாகிவிட்டதுபோலத் தோன்றுகிறது என்று பெரிய டாக்டர் அவளை உள்ளறைக்கு அனுப்பினார். பல் பிடுங்கும் குறடும் ஊசியும் கழுவி ஆவியில் அவிக்கிற அறை அது. ஜன்னல் கிடையாது, நாள் முழுக்க நிற்க வேண்டும். மூன்றே மாதத்தில் முழங்கால் வீங்கி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அவள் எழுந்த நாற்காலியில்தான் அக்கா உட்கார்ந்தாள். சூடு ஆறுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்தாள் என்பது அவளுக்கு மறக்கவே இல்லை.

இப்போது பெரிய டாக்டரின் மருமகள், சின்ன டாக்டர், க்ளினிக்கைப் புதுப்பிக்கிறாள். தெருவில் ஆள் உயரப் பலகை வைக்கப் போவதாகவும், அதில் தன் படத்தோடு முன்மேசையில் இருப்பவரின் படமும் வரும் என்றும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படக்காரர் வருவார் என்றும் சொல்லியிருந்தாள். பெரிய டாக்டர் தன் பங்குக்கு, முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது விளையாட்டு. அக்கா விரல்விட்டு நாள் எண்ணினாள். சரியாகக் கணக்குப் போட்டால் அந்த வியாழன் பன்னிரண்டாம் நாள்.

புதன் சாயங்காலம் காவல்காரர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். க்ளினிக் இருப்பது கட்டடத்தின் தரைத்தளத்தில், அக்காவின் வீடு நாலாவது மாடியில். எல்லோருக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத் தண்ணிய விட்டுருவோம்மா. பாத்துக்குங்க."

அக்கா பார்த்துக்கொண்டாள். இரண்டு நாளாகக் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்கு விட்டுவிடுவார்கள் என்றால், ஆறே முக்காலுக்குப் பூசி ஏழுக்குக் கழுவிவிடலாம். புருஷன் வேறு தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார், கேட்க ஆளில்லை. வழக்கமான சாயம் கடையில் தீர்ந்துபோய் ஏதோ புதுப் பெட்டி கிடைத்தது. பத்து நிமிடத்தில் வேலை முடியும் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. அதற்கு மேல் ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது என்று பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

காலையில் பூசினாள். ஏழு அடித்தது. குழாயைத் திறந்தாள். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது, இரண்டு முறை இருமியது, பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டது.

ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். கட்டடத்தின் பக்கவாட்டில் தடித்த குழாயிலிருந்து தண்ணீர் அருவி மாதிரிக் கொட்டிச் சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காவல்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் சொன்ன 'விட்டுருவோம்' அதுதான். தொட்டியில் படிந்த சேறு குழாயை அடைக்கிறதென்று, அதைக் கழுவுவதற்காகத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்களாம். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் ராத்திரியெல்லாம் அந்த நூல் தண்ணீரையே குடம் குடமாகப் பிடித்து வைத்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை உள்ளே விடுவதாகக் கேட்டது கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான்.

வாளி காலி. குடிதண்ணீர்க் கேனில் ஒரு தம்ளர் இருந்தது. அதை ஊற்றியதில் காது மடல்தான் நனைந்தது.

மணி ஏழு பத்து. தலை முதலில் குறுகுறுத்தது, பிறகு அரித்தது, பிறகு யாரோ மண்டை மேல் அடுப்பு மூட்டி ஊதுகிற மாதிரி இருந்தது. சித்தி மகள் ஒருத்தி இப்படித்தான் நேரம் தப்பவிட்டு, துண்டை அவிழ்த்தபோது முடி துண்டோடு வந்துவிட்டது என்று எப்போதோ சொன்ன கதை சரியாக அப்போது ஞாபகம் வந்தது. நரையோடு உட்கார்ந்தால் ஜன்னலில்லாத அறை. முடியே இல்லாமல் உட்கார்ந்தால்? அதற்கு என்ன அறை என்று அவளுக்கு யோசிக்கவே தைரியம் வரவில்லை.

எதிர் வீட்டில் தண்ணீர் இருந்தது. ஆனால் எதிர் வீட்டில் ரேடியோ அக்கா இருந்தாள். அவள் காதில் விழுந்த சேதி படியிறங்குவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஒரு வாளி தண்ணீருக்காகப் பத்தொன்பது வருடத்தை அவள் கையில் கொடுப்பதா?

அப்போதுதான் நாற்காலி ஞாபகம் வந்தது. பல் நாற்காலிக்குப் பின்னால் தனியாக ஒரு பாட்டில் மாட்டியிருக்கும். தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முந்தின நாள் மாலை அவள்தான் அதை நிரப்பினாள், இரண்டு லிட்டர். க்ளினிக் சாவியும் அவளிடம்தான்.

தலைக்குப் பிளாஸ்டிக் உறை, அதன் மேல் துண்டு, கையில் ஷாம்பு. படியில் இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரேடியோ அக்கா பால் பாக்கெட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அக்கா துண்டை இழுத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னடி இது, மூஞ்சியெல்லாம் கட்டிக்கிட்டு?"

"பல்லு வலி," என்றாள் அக்கா, வாயைத் திறக்காமலே.

"பல்லு ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே பல்லு வலியா? அது சரி. காதோரம் என்னடி கருப்பா வழியுது?"

"மருந்து."

ரேடியோ அக்கா அரை நிமிடம் பார்த்தாள். அந்த அரை நிமிடத்தில் அக்காவுக்கு நிஜமாகவே நாலு பல் வலித்தது. என்ன மருந்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவள் கேட்டதற்கு ஏதோ முனகிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அந்த வேகத்தில் ஓடியிருந்தால் பதக்கமே வாங்கியிருக்கலாம்.

க்ளினிக்கைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போட மறந்து, நாற்காலியின் மோட்டாரைப் போட்டாள். நாற்காலியில் தலைகீழாக, கால் இருக்கும் இடத்தில் தலையும் தலை இருக்கும் இடத்தில் காலுமாக முதலில் படுத்துப் பார்த்தாள். சரிப்படவில்லை. பிறகு முறையாகப் படுத்து, துப்பும் கிண்ணத்தின் பக்கம் தலையைச் சாய்த்தாள். ஒரு கையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய், மறு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய். பீய்ச்சும் குழாயில் தண்ணீர் வந்ததுதான், ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது. முதுகு வரை இருக்கிற கூந்தலை ஒவ்வொரு முடியாக அழைத்துக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. உறிஞ்சும் குழாயோ ஒரு கற்றை முடியைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. மணி ஏழே முக்கால். கண்ணில் நுரை. எரிச்சல் இப்போது நெற்றிக்கு இறங்கியிருந்தது. இப்படியே இங்கேயே செத்துப்போனால், வழுக்கைத் தலையும் கருப்புக் காதுமாகக் கிடப்பதைப் பார்த்து ரேடியோ அக்கா என்னவெல்லாம் சொல்வாள் என்று நினைத்தபோதுதான் முதல் முறையாக அழுகை வந்தது.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தலைக்கு மேலிருந்த விளக்கு பளீரென்று எரிந்தது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அது நடந்துவிட்டதாக ஆகிவிடும்.

யாரோ அவள் கையிலிருந்து குழாயை மெதுவாக வாங்கினார்கள். உறிஞ்சும் குழாயிடமிருந்து முடியை விடுவித்தார்கள். பிறகு நெற்றியிலிருந்து பின்பக்கமாக, வரிசை வரிசையாக, அவசரமில்லாமல் தண்ணீர் விழுந்தது. பழகிய கை. கடைசியில் ஒரு குரல் வழக்கமாகச் சொல்வதுபோலச் சொன்னது:

"கொப்பளிச்சுத் துப்புங்க."

சின்ன டாக்டர். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, துண்டைப் பிடித்துக்கொண்டு, தனக்கு ஐம்பத்தாறு என்றாள், உள்ளறைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்றாள், முழங்கால் தாங்காது என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சின்ன டாக்டர் கதவைத் தாழிட்டாள். அவள் தலையில் எந்நேரமும் ஒரு துணித் தொப்பி இருக்கும். சுத்தத்துக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். அதைக் கழற்றினாள். வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லை. பிள்ளை பிறந்த பிறகு கொட்டியதாம், முளைக்கவே இல்லையாம், காலைதோறும் புருவ மையால் வரைந்துகொண்டு வருகிறாளாம். படக்காரர் தொப்பியைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல், வரைந்து பழகுவதற்குத்தான் இவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாள்.

"அக்கா, இந்தச் சாயம் தோல்ல ஒட்டுமா?"

"ஒட்டிச்சுன்னா ஒரு வாரத்துக்குப் போகாது டாக்டர். அதுதான் இதுல தொல்லையே."

"மிச்சம் இருக்கா?"

பிளாஸ்டிக் உறையின் மடிப்பில் கொஞ்சம் இருந்தது. பல் ஓட்டையில் சிமெண்டு அடைக்கிற கரண்டியால் அதை வழித்து, கண்ணாடியைப் பார்த்தபடி சின்ன டாக்டர் ஓட்டையை அடைத்தாள். வழுவழுவென்று அவ்வளவு அழகான அடைப்பை எந்தப் பல்லும் கண்டதில்லை. ஒன்பது மணிக்கு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். அதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

ஒன்பதேகாலுக்குப் பெரிய டாக்டர் வந்தார். நாற்காலியின் பாட்டில் காலியாக இருந்தது. எச்சில் சேரும் ஜாடியில் மை மாதிரி கருப்புத் தண்ணீர் நின்றது. மோட்டார் எரிந்து கரி கக்கியிருக்கிறது, மருமகள் தன் பேச்சைக் கேட்காமல் வாங்கிய நாற்காலி, அன்றைக்கே தலையால் அடித்துக்கொண்டேன் என்று ஆரம்பித்தார். திருப்பி அனுப்பப் போகிறேன் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தார். சின்ன டாக்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அக்கா அதைப் பார்த்தாள். மேசையை விட்டு எழுந்து வந்தாள். அது என் தலையில் கழுவின தண்ணீர் டாக்டர் என்று ஆரம்பித்து, சின்ன டாக்டரின் பங்கை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எதையும் எக்ஸ்ரேயில் பார்க்காமல் நம்பாத மனிதர் அவர். "உனக்கு நரையா? பத்தொன்பது வருஷமா எதுக்க பாக்குறேன். ரெண்டு லிட்டர்ல ஒரு தலையா? மருமகளைக் காப்பாத்தப் பொய் சொல்லாதம்மா. நடக்கிற காரியமா இது?"

தப்பிக்க வழி திறந்தே இருந்தது. ஆமாம், பொய்தான் என்று சொன்னால் போதும், மேசைக்குத் திரும்பிவிடலாம். அடுத்த பன்னிரண்டாம் நாள் வரை பயமில்லை. அக்கா அந்த வழியைப் பார்த்தாள். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைத் தானே இழுத்து, தலையைக் குனிந்து, பின்கழுத்து முடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். அவசரத்தில் சாயம் எட்டாத இடம் அங்கேதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய டாக்டர் பழக்க தோஷத்தில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். பின்கழுத்தில் வைத்துப் பார்த்தார். இடம் மாற்றிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அக்கா குனிந்த தலையோடு காத்திருந்தாள். வயிற்றை இழுத்துப் பிடிக்க மறந்துபோயிருந்தாள்.

"நரை விழுந்துச்சுன்னு அந்த அம்மாவை நான்தான் உள்ள அனுப்பினேன்," என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு, வெளியே மூன்று பேர் காத்திருக்கிறார்கள், டோக்கன் கொடுக்கப் போகலாம் என்றார்.

அக்கா கதவை எட்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் மறுபடியும் வந்தது.

"நடந்திருக்கும்மா. நெசமாவே நடந்திருக்கு."