பரிவுக்கு முதல் பரிசு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் அறையில் என் பெயர் மிளகாய். வைத்தவர் கணக்கு வாத்தியார். அன்று என் நூலகத்தில் நடந்ததைப் பார்த்திருந்தால் அந்த அசமந்த மனிதருக்கே பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்குப் பரிவு வந்து சேர்ந்தது. கதை படித்தால் பிள்ளைகளுக்கு அடுத்தவர் வலி புரியும் என்று ஒரு நிறுவனம் புத்தகப் பெட்டிகளை அனுப்பியது. கூடவே ஒரு பயிற்சியாளரம்மாவையும் அனுப்பியது. புத்தகங்கள் அருமையானவை, அதில் குறை சொல்ல மாட்டேன். அம்மாவும் கெட்டவர் இல்லை. ஆனால் கதையை வாசித்து முடித்தால் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. உடனே ‘அவராக வாழ்ந்து பார்’ என்று ஒரு பயிற்சி. பார்வையில்லாத சிறுமியின் கதை படித்த வாரம் எல்லோர் கண்ணிலும் துணியைக் கட்டிவிட்டார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மோதி வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதற்குப் பெயர் பரிவாம்.

அன்று புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்த அலுவலக அறைக்குப் போயிருந்தேன். திரும்பும்போதே வராந்தாவில் சத்தம் கேட்டது. நான்காம் வகுப்பு மொத்தமும் திக்கிக்கொண்டிருந்தது. தொலைந்துபோன நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத, திக்கிப் பேசும் ஒரு பையனின் கதையை வாசித்திருக்கிறார். அடுத்து, ஒவ்வொருவரும் எழுந்து அவனைப் போலவே தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். “எ-எ-எ-என் பே-பே-பேரு” என்று கண்ணை உருட்டி, கழுத்தை வெட்டி, ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வட்டத்தில் ரேடியோவும் உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோ என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். தம்பியிடம் ஓயாமல் பேசுவாளாம். பள்ளியில் வாயைத் திறந்தால் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வாள், அதனால் திறக்கவே மாட்டாள். இந்த வருடம்தான் சேர்ந்தவள் என்பதால் வகுப்பில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டதே இல்லை. நூலகத்தில் மட்டும் என் மேஜையோரம் நின்று, தான் படித்த கதையைச் சொல்வாள். ஒரு கதைக்கு இடைவேளை முழுவதும் ஆகும். எனக்கு என்ன அவசரம்?

நான் கதவைத் தாண்டுவதற்குள் அவள் முறை வந்துவிட்டது. எழுந்தாள். “எ... எ...” தாடை இறுகியது, கண்கள் மூடிக்கொண்டன. பெயர் வெளியே வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

“சூப்பர்!” பயிற்சியாளரம்மா துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா எல்லாரும்? அந்தப் பையனாவே மாறிட்டா! முதல் பரிசு இவளுக்குத்தான். கை தட்டுங்க!”

வகுப்பே தட்டியது. ரேடியோ உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்தினேன். “அவ நடிக்கலங்க. அவளுக்கு நெஜமாவே திக்கும்.”

அந்த அம்மா முகத்தில் ஈயாடவில்லை. “ஐயோ, எனக்கு யாருமே சொல்லலையே” என்று அழுதுவிட்டார். அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டுத் தொலைத்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனவர், அங்கிருந்தே எனக்கு ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை திட்டத்தைப் பார்வையிட விருந்தினர்கள் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் ரேடியோ தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம்.

“நெஜமான குழந்தையே பேசினா மத்த பிள்ளைங்க மனசுல ஆழமா பதியும்” என்றார்.

“அவ ஒரு குழந்தைங்க. சுவர்ல மாட்டுற படம் இல்ல.”

“கொஞ்சம் மெதுவா பேசுங்களேன், வெளிய கேக்குது” என்றார் தலைமையாசிரியை.

“நல்லா கேக்கட்டும்!”

அவள் திக்குவது தலைமையாசிரியைக்குச் சேர்க்கையின்போதே தெரியும். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து சொன்ன விஷயம். பயிற்சியாளரிடம் சொல்ல மறந்துவிட்டாராம். அவர் முன்னால் ஆறிக்கிடந்த டீயை அந்த மேஜைமேலேயே கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ரேடியோவின் அம்மா வேலை செய்யும் தையல் கடைக்குப் போனேன். “வெள்ளிக்கிழமை அவளை அனுப்பாதீங்க. காய்ச்சல்னு நான் சொல்லிக்கறேன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள். “ஸ்கூல்லேர்ந்து போன் வந்ததும் நானும் அதான் சொன்னேன்க்கா. நேத்து ஸ்கூல் விட்டு வந்ததுலேர்ந்து தம்பிகிட்டகூடப் பேசல. ரேடியோ ரிப்பேராயிடுச்சான்னு அவங்கப்பா கேலி பண்ணாரு, அதுக்கும் சிரிக்கல. இப்படியே வாயை மூடிக்குவாளோன்னு பயமா இருக்கு. ஆனா போவேங்கறா. அது ஒண்ணுதான் சொன்னா. புடிச்சா உடும்புப்பிடிதான்க்கா இவ.”

வெள்ளிக்கிழமை விருந்தினர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளரம்மா ரேடியோவின் தோளில் கைபோட்டு முன்னால் கூட்டி வந்தார்.

“அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சுடா?”

“எ... என...”

“எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அதானே?”

ரேடியோ தலையை ஆட்டி மறுத்தாள். “எ... எனக்கு...”

“எல்லாரும் கை தட்டினப்ப பெருமையா இருந்துச்சு, இல்ல?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “அவ வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க! அன்னிக்கு செஞ்சது பத்தாதா? அவ என்ன சொல்ல வர்றான்னா...”

ரேடியோ என் பக்கம் திரும்பினாள். “மி... மிஸ். நீ... நீங்களும் சு... சும்மா இருங்க.”

கப்சிப்பென்று அடங்கிவிட்டேன். இத்தனை வருட வேலையில் என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை.

அவள் வகுப்பைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு சொல்லும் இழுத்துப் பிடித்துத்தான் வந்தது. “நீ... நீங்க செ... செஞ்சு காட்டினது எ... என்னைத்தான். அ... அது எனக்கு வெ... வெளையாட்டு இல்ல. எ... என் தம்பிக்கு மூ... மூணு வயசு. அ... அவன்கூட அப்படிச் செ... செய்ய மாட்டான்.”

மூச்சு வாங்க நிறுத்தினாள். அன்று கழுத்தை வெட்டிக் காட்டிய முன்வரிசைப் பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். விருந்தினர் ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுக் கை தட்டத் தொடங்கினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்து வந்தார் பயிற்சியாளரம்மா.

ரேடியோ ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கைதட்டல் ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நா... நான் இன்னும் மு... முடிக்கல” என்றாள்.