போனில் இருக்கிற மகள்

கடை கடையாப் போய் சரக்கு சரியா இருக்கான்னு பார்க்கிறது என் வேலை. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளமே. அதனால தம்பி கூப்பிட்டு, "அக்கா, அம்மாவுக்கு மறதி ரொம்ப முத்திப்போச்சு. மறதிக்காரங்களைப் பார்த்துக்கிற ஒரு இல்லத்துல இடம் கிடைச்சிருக்கு. இந்த வாரமே சேர்த்துடலாம்னு இருக்கோம்"னு சொன்னதும் எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு.

தினமும் அம்மாகூட போன்ல பேசுறவ நான். முந்தின நாள்கூட எங்க மேனேஜரைப் பத்திப் புலம்பினேன். "அப்படியா? அவன் கெடக்கான் விடு, அப்புறம்?"னு கணீர்னு பேசினாங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, போனைக் கையில எடுத்தாலே குரல் நிமிர்ந்துடும். இவங்களுக்கு மறதியாம். அம்மா வீட்டுக்குப் பொண்டாட்டியோட குடிவந்ததுலேர்ந்தே தம்பி மேல எனக்கு ஒரு கண்ணு. பெரிய வீடு, வெளிச்சமான வீடு. யாருக்குத்தான் ஆசை வராது? யார் காதுல பூ சுத்துறான்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டே ரயில் ஏறினேன்.

சொல்லாமத்தான் போனேன். கதவைத் திறந்த தம்பி பொண்டாட்டி ஒரு நிமிஷம் திகைச்சுப் போய், "வாங்க அண்ணி"ன்னா. அந்தத் திகைப்பையே நான் முதல் சாட்சியா வெச்சுக்கிட்டேன். வாசக்கதவுல கைக்கு எட்டாத உயரத்துல புதுசா ஒரு தாழ்ப்பாள். கேஸ் அடுப்புல திருகுற குமிழையே காணோம். பெத்தவளைப் பூட்டி வெச்சு, ஒரு காபி போட்டுக்கக்கூட விடாம வெச்சிருக்காங்கன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க"ன்னாங்க. எங்க மேல கோபம் வந்தா அம்மா இப்படித்தான், திட்ட மாட்டாங்க, மரியாதை கொடுத்தே கொன்னுடுவாங்க. இத்தனை நாள் வராம இருந்ததுக்குத் தண்டனைன்னு நினைச்சு, காலைத் தொட்டு, "ஸாரிம்மா"ன்னேன். காலை உள்ளே இழுத்துக்கிட்டாங்க.

அப்புறம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வீட்டைச் சலிச்சேன். பீரோவைத் திறந்தேன், துணியை உதறிப் பார்த்தேன், மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து ஒண்ணொண்ணையும் போட்டோ எடுத்தேன். "என்னத்தக் குடுத்து இவங்களை இப்படி மந்தமா வெச்சிருக்கீங்க?"ன்னேன். தம்பி பொண்டாட்டி, "டாக்டர் நம்பர் தரேன் அண்ணி, நீங்களே கேட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டுத் துணி காயப்போடப் போயிட்டா. இவ்வளவு அடக்கமா பேசுறவளை நான் எந்தக் கடையிலயும் நம்பினதில்லை.

மத்தியானம் தன்னோட கண்ணாடிக் கடையைப் பாதியில விட்டுட்டு தம்பி வந்தான். அம்மா எதிர்லயே நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அவன் குனிஞ்ச தலை நிமிரலை. "ராத்திரி தெருவுல இறங்கிடறாங்கக்கா. கேஸைத் திறந்துவிட்டுட்டுத் தூங்கிடறாங்க. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான் கண்ணை மூடறோம்"னான். அப்புறம் மெதுவா, "உன்னையே அடையாளம் தெரியலை, நீ கவனிக்கலையா?"ன்னான்.

"அது கோபம்டா. என் அம்மாவை எனக்குத் தெரியாதா? நீ ஒண்ணும் எங்கேயும் சேர்க்க வேணாம், நான் என்கூடக் கூட்டிட்டுப் போறேன்"னேன்.

இவங்க பக்கத்துல இருக்கிறவரைக்கும் அம்மா பயந்துக்கிட்டு உண்மையைச் சொல்ல மாட்டாங்கன்னு தோணுச்சு. கடைக்குப் போறேன்னு கீழே இறங்கி, மாடிப்படியில உட்கார்ந்து அம்மா போனுக்கு அடிச்சேன்.

"சொல்லும்மா பெரியவளே, சாப்டியா?" அதே கணீர்க் குரல். பார்த்தியாடா தம்பின்னு கத்தணும் போல இருந்தது.

"அம்மா, பயப்படாமச் சொல்லு. வீட்டுல யாராவது உன்னைத் தொந்தரவு பண்றாங்களா?"

அம்மா குரலைத் தாழ்த்தி, "ஆமாண்டி"ன்னாங்க.

மாட்டிக்கிட்டாங்க ரெண்டு பேரும்னு நினைச்சேன். "யாரும்மா?"

"காலைலேர்ந்து ஒரு பொம்பளை வந்து உட்கார்ந்திருக்கா. யாருன்னே தெரியலை. பீரோவை நோண்டுறா, மாத்திரையெல்லாம் கொட்டுறா. உன் தம்பியைப் போட்டு அதட்டுறா, பாவம், அவன் வாயே திறக்கலை. இப்பத்தான் வெளியே போனா, திரும்பி வந்துடுவா. எனக்குப் பயமா இருக்கு. நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

"அம்மா, நேத்து உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"னு கேட்டேன்.

"அதான் சொன்னியே, அதுக்கென்ன இப்போ? அப்புறம்?"

அப்படியா, அப்புறம், அவன் கெடக்கான் விடு. இத்தனை மாசமா அம்மா என்கிட்ட பேசினதே இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் பேசினது. லைன்ல யார் வந்தாலும் குரல் மாறாமப் பேசிப் பழகினவங்க, என்கிட்டயும் அப்படியே சமாளிச்சிருக்காங்க. ஊர்ல ஒரு கடைக்காரன்கூட என்னை ஏமாத்தினதில்லை. படியிலயே உட்கார்ந்து அழுதேன்.

மேலே போனப்போ தம்பி என் முகத்தைப் பார்த்தான். "நாளைக்கே சேர்த்துடலாம்டா"ன்னேன். தம்பி பொண்டாட்டி தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. அவ முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமா இருந்தது.

மறுநாள் காலையில வாசல்ல கார் நின்னுது. அம்மா கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. என்னைக் கண்ணால காட்டி தம்பிகிட்ட, "இவளை வீட்டுல வெச்சுட்டு எப்படிடா வர்றது? எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிடுவா"ன்னாங்க. அவன் கெஞ்சினான், மருமக கெஞ்சினா. விரல்கள் வெளுத்துப் போச்சே தவிர அம்மா பிடியை விடலை. அந்தப் பிடியைப் பிரிச்செடுத்து இழுத்துட்டுப் போற தைரியம் எங்க மூணு பேருக்குமே இல்லை.

நான் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அம்மா போனுக்கு அடிச்சேன்.

"அம்மா, நான்தான். தம்பிகூடக் கிளம்பு. அங்க உன்னை நல்லாப் பார்த்துப்பாங்க."

"அந்தப் பொம்பளை இங்கதாண்டி இருக்கா."

"இல்லைம்மா. நான் பேசி அனுப்பிட்டேன். திரும்பிப் பாரு, இருக்காளா?"

அம்மா பெருமூச்சு விட்டாங்க. போன்லயும் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"ஆமா, காணோம். நீ ஒருத்திதான்டி எனக்கு. போனை வெச்சுடாதே, கார்ல ஏறுற வரைக்கும் பேசிக்கிட்டே இரு."

"சரிம்மா."

"அவ இனிமே வர மாட்டாளே?"

"வர மாட்டாம்மா"ன்னேன்.