ஓவியக் கூடத்தில் ஒரு கண்டக்டர்

வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி ஊரிலுள்ள அருங்காட்சியகங்கள் எல்லாம் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை ஏற்றிப்போக இலவச பஸ் ஓடும். அந்த பஸ்ஸில் அவளுடைய கணவன்தான் கண்டக்டர். அவளோ ஓவியக் கூடத்தின் கடைசி அறைக்குக் காவல். யாரும் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு, மூலையில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்பது கண்டக்டரின் கட்சி.

"செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்கார்றதுக்கு ஒரு வேலையா? விட்டுத் தொலை. நான் மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப நீ கெளம்பிப் போயிடுற. பூட்டின கதவைப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிடுச்சு."

கொஞ்ச நாளாகவே வீட்டில் இதே பாட்டு. வேலையில் தொடர்கிறாளா இல்லையா என்று அந்த ராத்திரிக்கு மறுநாள் காலை அவள் மேலாளரிடம் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தொடரத்தான் ஆசை. ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற மனுஷனோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? "ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்று வாயை விட்டுவிட்டாள்.

அந்த ராத்திரி இரண்டு ட்ரிப்புக்கு நடுவில், யூனிஃபார்மும் கழுத்தில் விசிலுமாக வந்து நின்றான் கண்டக்டர். அறையில் கூட்டம் நெரிந்தது.

"முகமே வாடிக் கெடக்கு. போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா. நான் உக்காந்திருக்கேன்."

"வேற யாரும் இதுல உக்காரக் கூடாதுங்க."

"நான் வேற யாரா?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது கூடத்துக் கோடி வரை அவன் குரல் கேட்டது. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க! வாசல்ல நிக்காதீங்க! உள்ள எவ்வளவு எடம் கெடக்கு பாருங்க! சார், கையை இழுத்துக்குங்க!"

ஆற அமர ரசிக்க வந்தவர்கள் எல்லாம் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் சில்லறையை எடுத்து நீட்டினார். விசிலை ஊதவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "ஐயோ, இது பஸ் இல்லீங்க! இங்க நின்னுதான் பாக்கணும்."

"இவங்க நின்னா பின்னாடி வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"காத்திருப்பாங்க."

கண்டக்டருக்கு அது புதுச் செய்தி. வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வேறு வழியில்லாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தான். அங்கே பெரிதாக ஒரே ஒரு படம். ஒரு சாப்பாட்டு மேஜை, அதில் இரண்டு தட்டு. ஒன்று சாப்பிட்டு முடித்தது, மற்றது மூடி வைத்தது. ஆள் யாரும் இல்லை.

வெகுநேரம் பார்த்தான். "யாருக்கு மூடி வச்சிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? நானும் தெனம் உங்களுக்கு மூடி வச்சிட்டுத்தானே வர்றேன். இங்க உக்காந்திருக்கறப்ப, நீங்க இந்நேரம் சாப்பிட்டிருப்பீங்களான்னு இதைப் பாத்துத்தான் நெனச்சுக்குவேன்."

அவன் மறுபடியும் அந்த மூடின தட்டைப் பார்த்தான்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த கண்டக்டர் வாசல் பக்கம் நடந்தான். பாதி வழியில் என்ன தோன்றியதோ, திரும்பி வந்து நாற்காலியைத் தட்டிப் பார்த்தான்.

"என்னா கட்டை! இத்தனை வருஷமா இதுலயா உக்காந்திருந்த? காலையில ஒரு மெத்தை வாங்கித் தர்றேன், எடுத்துட்டு வந்து போட்டுக்க."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஹாரன் மறுபடியும் அலறியது. வாசலில் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்து நின்றது. கண்டக்டர் யாரையும் முன்னாடி போகச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தான்.