இரண்டும் இடது கை

1

ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வாசல் விளக்கை அணைத்தேன். தையல் அறையைத் திறந்தேன்.

கதையை இப்படித்தான் தொடங்கினேன். எல்லாம் உண்மை. ஆனால் கதை பிறந்தது ஒரு பொய்யில்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் முற்பகலில் என் மனைவியின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அலுவலகத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் என் மச்சினி, அவளுடைய தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா கடைசியா என்ன சொன்னா மாமா?"

"உன் சட்டை தைச்சாச்சாம். வந்து வாங்கிக்கச் சொன்னா."

என் மனைவி அப்படிச் சொல்லவில்லை.

2

(விவரம் வேண்டும் என்பவர்களுக்கு.) என் மனைவி வீட்டில் தைத்துக் கொடுப்பவள். பாதியில் நின்றவை பதினொரு பைகள். பைக்கு ஒரு சீட்டு. சீட்டில் பெயர் இருக்காது, பட்டப்பெயர்தான். 'மூச்சு விடாத டீச்சர்', உடம்பைப் பிடித்தாற்போல் கேட்பவர். 'நாளைக்கே வேணும்'. 'பல் டாக்டர்', அவர் நிஜமாகவே பல் டாக்டர். அறையை ஒழிக்கும்போது பத்துப் பைகளைக் குத்திய குண்டூசியோடு உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

பதினொன்றாவது, 'மகாராணி'. மச்சினி.

நேர்காணலுக்குப் போட வேண்டிய உடுப்பை அவள் கடையில் கொடுத்துத் தைத்தாள். "உன்னுது என்ன இருந்தாலும் வீட்டுத் தையல்தானேக்கா" என்று ஒரு வார்த்தை விட்டாள். அக்காவும் தங்கையும் நான்கு மாதம் பேசவில்லை. சீட்டில் இருந்த தேதி, சண்டைக்கு இரண்டு மாதம் பின்னால்.

பொய் சொன்னபோது சட்டை முடிந்துவிட்டது என்றே நம்பினேன். மேஜை மேல் பச்சைத் துணியைப் பார்த்திருந்தேன். போன ஞாயிறு பையைத் திறந்தேன். உடம்பு தைத்திருந்தது. காலர் இருந்தது. கைகள் இல்லை. கைக்கான துணி வெட்டாமல் மடித்திருந்தது.

மச்சினி நாளை வேறு ஊரில் வேலைக்குச் சேர்கிறாள். முதல் நாள் அந்தச் சட்டையைத்தான் போடுவாளாம். இன்று பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

3

மச்சினியைப் பற்றி 'அவள் நல்லவள்' என்று எழுதி அடித்தேன். நல்லவளை ஏமாற்றினால் வாசகர் என் பக்கம் நிற்க மாட்டார். 'அவள் வாய்த்துடுக்குக்காரி' என்று மாற்றினேன். அவள்—

(மூன்று முறை தொடங்கிய வாக்கியம். கிடக்கட்டும்.)

வீடியோ பார்த்து ஐந்து நாள் மாலையில் கைகளை வெட்டித்* தைத்தேன். தையல் நேராக வந்தது. அதில் கொஞ்சம் பெருமை கூட.

* துணியை மடிக்காமல் விரித்தேன். கை அளவுத் தாளை வைத்து ஒரு முறை வெட்டினேன். தாளைத் திருப்பாமல் அப்படியே வைத்து இன்னொரு முறை வெட்டினேன். தையல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நாக்கைக் கடித்திருப்பார்கள். மற்றவர்கள் பொறுங்கள்.

4

பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டாள்.

"என்ன மாமா, ரூமைத் துடைச்சு வெச்சிருக்கீங்க! இங்க கால் வைக்கவே இடம் இருக்காதே. எங்க என் சட்டை?"

கொடுத்தேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடி முன் இடது கையை நீட்டினாள். சரியாக இருந்தது. வலது கையை நீட்டினாள். முதுகுப் பக்கம் விறைத்தது. முன்னால், அக்குளில் துணி புடைத்துக்கொண்டது. இரண்டு தோள்களையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டும் இடது கை."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"பத்தாவது படிக்கறப்ப நானும் இப்படித்தான் வெட்டுனேன். ஸ்கேலாலயே ஒண்ணு போட்டா. இது அக்கா வெட்டுனது இல்ல."

"நான்தான் வெட்டுனேன்."

சிரித்துவிட்டாள். "மனுஷனுக்கு ரெண்டும் இடது கைன்னு எந்தக் காலேஜ்ல மாமா சொல்லிக் குடுத்தாங்க?" சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப, தைச்சாச்சுன்னு அவ சொல்லல."

"சொல்லல."

"அன்னைக்குக் காலைல எட்டே காலுக்கு நான் போன் பண்ணேன். யாரும் எடுக்கல. நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அவ?"

"மெஷின்ல உக்காந்திருந்தா."

"என்ன சொன்னா?"

5

முடிவு ஒன்று: 'கை வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொன்னா' என்கிறேன். நம்புகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. போன பொய்யும் நன்றாகத்தான் இருந்தது.

முடிவு இரண்டு: உள்ளதைச் சொல்கிறேன். அவள் சட்டையைக் கழற்றி—

(எழுத வரவில்லை.)

முடிவு மூன்று: வாசல் மணி அடிக்கிறது. பல் டாக்டர். (தப்பிக்கும் வழி. டாக்டர் மன்னிக்கவும்.)

6

நடந்தது இவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தையல் அறையில் உட்கார்ந்து வலது கையைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். மீந்த துணியில் இன்னொரு கை தேறும் என்கிறாள். ஐந்தரைக்கு பஸ். "அதுக்குள்ள சொல்லிடுங்க மாமா. திட்டியிருந்தாலும் பரவால்ல. நிஜமா இருக்கணும்."

சொல்ல வராததால் எழுதிக் கொடுக்கலாம் என்று அடுக்களையில் உட்கார்ந்தேன். எழுதியது கதையாகிவிட்டது. மணி நாலே முக்கால். தாளை முழுதாக நீட்டுவதா, கடைசி வரியைக் கிழித்துவிட்டு நீட்டுவதா? நான் தீர்மானிக்கப் போவதில்லை. நீங்கள் அவளுக்கு உறவு இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அன்று காலை எட்டே கால். போன் அடித்தது. நான் கை நீட்டினேன். என் மனைவி வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு என்னிடம் ஒரு வரி சொன்னாள். அதற்குப் பிறகு நான் செருப்பு மாட்டிக் கிளம்பும்வரை மெஷின் சத்தம் மட்டும்தான்.

"எடுக்காத. அவதான். அடிச்சு ஓயட்டும்."