அஞ்சாம் நம்பர் பூட்ஸ்

திங்கட்கிழமையிலிருந்து பொன்னழகு யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறாள். ரெட்டியார்சத்திரம் போகிற சாலையில் இருக்கிற அவளுடைய புளிக் கொட்டகையில் முப்பத்தொரு பெண்கள் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு ஜோடிக் கால். வெடித்த குதிகால், மெட்டி தேய்ந்து கம்பியாகிப்போன விரல், கல்யாணத்துக்குப் போய்வந்த மருதாணி இன்னும் அழியாத பாதம். ஒவ்வொன்றையும் மண்டியில் சரக்கை மதிப்பிடுகிற கண்ணால் அளந்துகொண்டே நடந்தாள். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புக் குவியலில் ஒன்றை, யாரும் பார்க்காத நேரமாகப் பெருவிரலால் புரட்டிப் போட்டு அடியில் என்ன நம்பர் என்று குனிந்தாள். எண் தேய்ந்து போயிருந்தது.

“என்னக்கா, மூணு நாளா ஆளு மூஞ்சிய விட்டுட்டுக் காலையே பாக்குறீக? மெட்டி எதுவும் களவு போச்சா?” என்றாள் காதர் பீவி. கொட்டகையில் எடை பார்த்துக் கூலி எழுதுகிறவள் அவள்தான். பத்தொன்பது வருசப் பழக்கம்.

“ஒஞ் செருப்பு என்ன நம்பரு பீவி?”

“நாலு. ஏங்க்கா, பெருநாளைக்கு எடுத்துத் தரப் போறீகளா?”

நாலு என்றதும் பொன்னழகுக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. “இங்க அஞ்சு யாருக்கெல்லாம்?” என்று கேட்டாள்.

“இதென்ன கேள்வி? பாதிச் சனத்துக்கு அஞ்சுதேன். ஏலே, அக்கா செருப்பு வாங்கித் தாராகளாம், அஞ்சாம் நம்பரெல்லாம் கையத் தூக்குங்கடி!”

சிரிப்போடு பதினைந்து பதினாறு கை எழுந்தது. புளி ஒட்டிய கைகள். பொன்னழகும் சிரித்துவைத்தாள்.

அவள் புருசன் முத்துச்சாமி போய் இந்தத் தையோடு இரண்டு வருசம். நத்தம் பக்கம் ஒரு தோப்பில் மரத்தோடு புளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், தோப்புக்காரர் சொன்ன விலைக்குப் பதில் விலை சொல்லாமல் மரத்தில் சாய்ந்துவிட்டார். பதில் விலை வராததை வைத்துத்தான் தோப்புக்காரருக்குச் சந்தேகமே வந்ததாம். காரியத்துக்கு வந்தவர்கள் அழுகையோடு அழுகையாக இதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர் வாங்கிப்போட்ட சரக்கில் பன்னிரண்டு மூட்டை மட்டும் பழனி ரோட்டில் கோல்டு ஸ்டோரேஜில் கிடந்தது. விலை நன்றாக ஏறி ஊரே சரக்கை இறக்கின சமயத்திலும் அவர் அதை எடுக்கவில்லை. கேட்டதற்கு, “அது கெடக்கட்டும்” என்றார். அவர் போன பிறகும் பொன்னழகு அதைத் தொடவில்லை. மாசா மாசம் வாடகை கட்டினாள். அவர் எதிர்பார்த்த கடைசி விலையுயர்வு ஒன்று எங்கோ வந்துகொண்டிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். போன வாரம் மெஷின் மாற்றுகிறோம், மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று போன் வந்தது. ரசீது தேடி அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான், ரசீதுக்குள் நாலாக மடித்த அந்தத் தாள்.

முத்துச்சாமியின் கையெழுத்து எறும்பு மிதித்த மாதிரி இருக்கும். அந்த எழுத்தில், ‘மணாலி மேலே. பனிச்சறுக்கு. 4 நாள். 2 ஆள்’ என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார். டெல்லி வரை ரயில், அங்கிருந்து பஸ், ரூம் ஒன்று. குளிருக்குச் சட்டை வாடகை, சறுக்குக் கட்டை வாடகை, சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இரண்டு நாள் சம்பளம். அதை அடித்து ‘ஒரு நாள் போதும், மறுநாள் நாமே’ என்று ஒரு குறிப்பு. காலைச் சாப்பாடு ரூமோடு சேர்த்தி, மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு. மொத்தம் அறுபத்தோராயிரம் என்று போட்டு அடித்து, ஐம்பத்தேழு என்று போட்டு அடித்து, ஐம்பத்துநாலு ஐந்நூறில் வந்து நின்றிருந்தார். அடியில், ‘இதற்குப் பன்னிரண்டு மூட்டை ஒதுக்கு.’ ஓரமாக, ‘பூட்ஸ் 9, 5.’

ஒன்பது அவருடையது. பொன்னழகுக்கு ஏழு.

மகள் சூர்யகலாவுக்குக் கரூருக்குப் போன் போட்டாள். “எனக்கு எட்டும்மா. ஏன், என்னா விசயம்?” என்றது அது. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். எட்டும் இல்லை, ஏழும் இல்லை. அஞ்சு. இருபத்தாறு வருசக் குடித்தனத்தில் அந்த மனுசன் அவளைப் பழனிக்குக் கூட்டிப்போயிருக்கிறார், அதுவும் பஞ்சாமிர்தக் கடைக்காரர்களைப் பார்க்கிற வேலை இருந்தால். கொடைக்கானலுக்கு ஒரே ஒரு தடவை, பூண்டு விலை விசாரிக்க. அன்றைக்கு ஏரிக்கரையில் குளிருது என்று முந்தானையை இழுத்துப் போர்த்தினவளிடம், “கோல்டு ஸ்டோரேஜ்ல இந்தக் குளுருக்கு மூட்டைக்கு இம்புட்டுன்னு வாடக கேக்குறான். இங்க சும்மா கெடைக்குது. நல்லா வாங்கிக்க” என்றவர். அவரா பனிமலைக்கு ரூம் போட்டார்? போட்டவர் யாரை மனசில் வைத்துப் போட்டார்? பணம் போனால் போகிறது. அந்த ‘2 ஆள்’ என்பதில் ஓர் ஆள் தான்தானா என்று தெரிந்தால் போதும். அது தெரியாமல் அந்த மூட்டைகளை விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது என்று இருந்தது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை கோல்டு ஸ்டோரேஜுக்குப் போய்ப் பார்த்தாள். கனத்த கதவு திறந்ததும் பாதத்திலிருந்து குளிர் ஏறியது. மற்ற சரக்குகளிலிருந்து தள்ளி, சுவரோரம், இரண்டிரண்டாக அடுக்கின பன்னிரண்டு மூட்டை. மேலே மையால் அவர் போட்ட ‘மு’. ஒரு மூட்டையின் தையலை விரலால் நெகிழ்த்தி உள்ளே பார்த்தாள். வெளியில் வைத்த புளி ஒரு வருசத்தில் கறுத்துவிடும். இது மூன்று வருசமாகியும் நேற்று உடைத்த மாதிரி செக்கச் செவேல் என்று இருந்தது. வாங்கினவர் சாம்பலாகி ஆற்றோடு போயாகிவிட்டது, வாங்கின சரக்குக்கு ஒரு நாள் வயசு கூடவில்லை. அவர் பக்கத்தில் நின்று ‘என்ன வெல கேக்குறாங்க?’ என்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, வெயிலில் நின்ற பிறகும் வெகுநேரம் பல் கிட்டியது.

கொட்டகையில் கையெல்லாம் எழுந்த அந்த வியாழக்கிழமை, பதினொரு மணி வாக்கில், தாளின் பின்பக்கம் குத்தியிருந்த ரப்பர் ஸ்டாம்பு முகவரியைத் தேடிப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி. இனிகோ என்கிற முப்பது வயசுப் பையன் வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் வேன் விட்டுக்கொண்டு, வெளியூர்ப் பயணங்களும் ஏற்பாடு பண்ணுகிறான். தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

“அய்யாவோட வீட்டம்மாங்களா? ஒக்காருங்கம்மா. அவர எப்புடி மறக்குறது? அஞ்சு தடவ வந்தாரு. அந்தா, அந்தப் போட்டோவ பாத்துட்டுத்தேன் மொத மொத ஏறி வந்தாரு.”

சுவரில் ஒரு படம். வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் பனியில் சறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

“‘ரெண்டும் கெழடு, விழுகாம எப்புடி நிக்குது?’ன்னாரு. வெல கேட்டாரு. பத்து ஆளுக்குக் கேட்டாரு. நானும் ஆசையா கொறச்சுச் சொன்னேன். அப்பறம், ‘அந்த வெலைக்கே ரெண்டு ஆளுக்குப் போடு’ன்னுட்டாரு.”

பொன்னழகு தன்னை அறியாமல் தலையாட்டினாள். அது அவர்தான். “யாரு அந்த ரெண்டாவது ஆளுன்னு சொன்னாரா தம்பி?”

“கேட்டேன்மா. ‘ஆளு பேரச் சொன்னா நீ வெலைய ஏத்துவ’ன்னாரு.”

அதுவும் அவர்தான். வாங்குகிற சரக்கின் மேல் ஆசை இருப்பதை எதிராளிக்குக் காட்டக் கூடாது என்பது மண்டியில் பால்குடி மறந்ததும் சொல்லிக்கொடுக்கிற பாடம். வீட்டுக்கு எடுக்கிற தேங்காயைக்கூட யாருக்கோ எடுக்கிற மாதிரிதான் தட்டிப் பார்ப்பார்.

“இந்தப் பூட்ஸு நம்பரு?”

இனிகோ நெற்றியைத் தேய்த்தான். “அளவில்லாம புக் பண்ண முடியாதுன்னேன். மறுநா வந்தாரு. சாக்குத் தைக்கிற சணல் ஒரு துண்டு கொண்டாந்தாரு, ரெண்டு முடிச்சுப் போட்டு. சார்ட்டுல வச்சுப் பாத்தோம். ஏழோ என்னமோ வந்துச்சுன்னு நெனைக்கிறேன்மா, சரியா ஞாபகமில்ல. செத்த நேரம் யோசிச்சாரு. அஞ்சுன்னு எழுதிக்கிட்டாரு. தாள மடிச்சுக்கிட்டுப் போனவருதேன், அப்பறம் வரல.”

பொன்னழகு தாளிலிருந்த அந்த அஞ்சைப் பார்த்தாள். புளி வியாபாரத்தில் எந்த மூட்டையையும் எடை போட்ட எடைக்கே எடுப்பதில்லை. சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. முப்பது வருசம் அதே கை, அதே கழிவு. ஐம்பத்திரண்டு என்று தராசு காட்டினால் ஐம்பது என்று எழுதிப் பழகின கை. ஏழில் இரண்டு போனால் அஞ்சு. அவளுக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தது. பெண்டாட்டி காலுக்கும் கழிவு போட்டாயா பாவி மனுசா!

சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது. அப்படியானால் அவருடைய ஒன்பதுக்கு ஏன் கழிவு போடவில்லை? ஏழு என்று எழுதியிருக்க வேண்டுமே. சொந்தச் சரக்குக்கு எந்த வியாபாரியும் கழிவு போடமாட்டான், வாங்குகிற சரக்குக்குத்தான் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்தப் பையனுக்கு ஏழுதான் என்று நிச்சயமில்லை. யோசித்துப் பார்த்ததில், ஒரு மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தபோது குதிகாலில் ஏதோ சொரசொரவென்று பட்டு விழித்ததும், அவர் கால்மாட்டில் உட்கார்ந்து “எறும்பு” என்றதும் ஞாபகம் வந்தது. வந்ததா, வரவழைத்தாளா? வேண்டிய விலைக்குச் சாட்சி தேடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சாட்சி எப்போதும் கிடைத்துவிடும்.

“இப்ப என்ன ஆகும் தம்பி, ரெண்டு ஆளுக்கு?”

“எழுபத்தோராயிரம்மா. மூணு வருசம் ஆச்சுல்ல.”

“நாப்பது.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தெரிந்தது. குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. மண்டியில் அவள் கணக்கைத்தான் பார்ப்பாள். பேரம் பேசினதே இல்லை. அவர் போன பிறகுகூட ஆள் வைத்துத்தான் பேசினாள். இன்றைக்கு வார்த்தைகள் யாரோ பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி வந்தன. சட்டை வாடகை நாலு நாளுக்கு எதற்கு, சறுக்குகிற இரண்டு நாளுக்குப் போடு. கண்ணாடிக்குத் தனிக் காசா, மூஞ்சிக்குக் கண்ணு சேர்த்திதானே. அவன் எழுபத்தொன்றிலிருந்து இறங்க இறங்க, அவள் எழுந்து போகிற மாதிரிப் பையை எடுத்தாள், வாசல்வரை போனாள், நின்றாள்.

“அம்மா,” என்றான் இனிகோ, முகம் ஒரு மாதிரியாகி. “அய்யாவும் அந்தப் படியிலதேன் நிப்பாரு. அதே மாதிரி செவுத்தப் பிடிச்சுக்கிட்டு.”

பொன்னழகு சுவரிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது விலை ஐம்பத்தெட்டாயிரத்தில் முடிந்திருந்தது. பன்னிரண்டு மூட்டை அதைத் தாங்கும்.

“ஒத்த ஆளா போனா?”

“ஒருத்தர்னா நாப்பத்தொண்ணு ஆயிரும்மா. ரூம் காசு பிரியாதுல்ல. ரெண்டு பேர்னாதேன் லாபம். உங்க பேரு பொன்னழகு, வயசு?”

“அம்பத்தொண்ணு.”

“ரெண்டாவது பேரு?”

யார் வருவார்கள்? சூர்யகலா வரமாட்டாள், அவளுக்குக் கைக்குழந்தை. பீவியைக் கேட்டால் அல்லாவே என்று நெஞ்சில் கைவைப்பாள். அவன் பேனாவோடு நீட்டின பாரத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. “செத்தப் பொறு” என்றாள்.

“யோசிங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல. இங்க பாருங்க, அந்த எடத்த இப்பவே பாக்கலாம். அங்க காமெரா வச்சிருக்காங்ய. இது இந்த நிமிசம் நடக்குறது.” கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான்.

திரை முழுக்க வெள்ளை. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மலைச்சரிவும், நட்டுவைத்த கம்பங்களும், கம்பத்துக்குக் கம்பம் ஓடுகிற கம்பியும் தெரிந்தன. கம்பியில் நாற்காலிகள் தொங்கிக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உட்காருகிற அகலம். இன்னும் கூட்டம் வரவில்லை, ராத்திரி விழுந்த பனியை உதற சும்மா ஓட்டுவார்கள் என்றான் இனிகோ. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் மெத்தை போட்ட மாதிரி ஒரு சாண் உயரத்துக்குப் பனி.

போன் வந்து, அவன் பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டான். பொன்னழகு பேனாவைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு. ஒன்பதாவது நாற்காலி மூடுபனியை விட்டு வெளியே வந்தது. அதில் வலது பக்கம் மட்டும் பனி அப்படியே இருந்தது. இடது பக்கம் பலகை தெரியத் துடைத்துக் கிடந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து இறங்கிப் போன மாதிரி. காமெராவைக் கடக்கும்போது நாற்காலி ஆளில்லாத அந்த இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே போயிற்று.