அனீஸா வீட்டில் தங்கிவிட்ட அர்த்தங்கள்

காவிரிக் கரையின் வரலாற்றையே திருத்தி எழுதவேண்டிய மாபெரும் செய்தி இது: நாகூர் அனீஸாவுக்குத் தன் வீட்டில் கால் நீட்ட இடமில்லை. இங்கிலீஷை ஜப்பானிய மொழிக்கு மாற்றுவது அவள் பிழைப்பு. ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம் இருந்தால் ஜப்பானுக்குப் போவது ஒன்றுதான். மிச்சம் இரண்டும் லேப்டாப்பை விட்டு இறங்கி வீட்டிலேயே தங்கிவிடும். 'ஃபைன்' அபராதமாகிப் போன அன்று, மிஞ்சிய நலம் சிரித்த முகத்தோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அதன் மூன்றாவது அர்த்தமான மெல்லிசு பீரோவுக்குப் பின்னால் ஒண்டியது. 'பேங்க்' பணம் போடும் இடமாகப் போனதில், சேறு சொட்டச் சொட்ட ஓர் ஆற்றங்கரை கட்டிலில் ஏறிப் படுத்தது. வந்தவரை எழுப்பி அனுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. வருஷங்கள் போயின. துபாயிலிருந்து கணவன் அப்சர் வீடியோவில் கேட்பான்: "யாரு புள்ள பின்னாடி, ஒரே கூட்டமா?"

"அர்த்தம் மச்சான்."

"சோறு திங்குமா?"

"டீ மட்டும்தான்."

"அப்ப இருந்துட்டுப் போவட்டும்."

அவனுக்கென்ன, துபாயில் கட்டில் இருக்கிறது. அனீஸா அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி செல்லதுரை, ஜப்பான் கம்பெனியொன்று தென்னைநார் பற்றி விசாரித்ததற்கே 'கீழ்த்திசை வென்ற தென்னந்தோப்பே!' என்று ஃப்ளெக்ஸ் வைத்தவர். நாரில் பொட்டுத் தூசி இருக்கக்கூடாது என்றார்கள். 'வீ வில் சீ' என்று பதில் எழுதி, மொழிபெயர்க்கச் சொல்லி அனீஸாவுக்கு அனுப்பினார். அவள் போன் போட்டாள்.

"அண்ணே, முடியும்ங்கிறீங்களா, முடியாதுங்கிறீங்களா?"

"பாக்கலாம்னு போடு தங்கச்சி."

"அப்ப முடியாதுன்னே போட்டுடவா?"

"ஐயய்யோ, ஃப்ளெக்ஸ் வச்சிருக்கேன்ல! வாசலுக்கு வந்தவங்கள்ட்ட யாராச்சும் இல்லன்னு சொல்லுவாங்களா?"

பெண் கேட்டு வந்தவர்களுக்கும் இந்தப் பக்கம் இதே பதில்தான்: வீட்டுல கலந்துட்டுச் சொல்றோம். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள், மறுபடி வரமாட்டார்கள். ஜப்பானிலும் அப்படியொரு வாக்கியம் உண்டு. ஆலோசிக்கிறோம் என்று குனிந்து வணங்கிச் சொன்னால், கேட்டவன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அனீஸா அதைப் போட்டாள். முடியும், முடியாது, பிறகு ஆகட்டும் எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில், டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல் நெருக்கியடித்து ஏறின, ஒன்றுகூட இறங்கவில்லை. இடம் இருப்பதைப் பார்த்து நலம், மெல்லிசு, கட்டிலில் கிடந்த கரை எல்லாம் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டன. வீடு காலியானது. அனீஸா கட்டிலில் காலை நீட்டினாள்.

ஜப்பான்காரர்களும் ஆலோசிப்பதாகப் பதில் போட்டார்கள். செல்லதுரை இன்னொரு ஃப்ளெக்ஸ் வைத்தார். நார் குடோனிலேயே கிடக்கிறது. ஆற்றங்கரை படுத்திருந்த மெத்தை இன்னும் காயவில்லை.